ஒரு டாங்கிக்கு எத்தனை தென்னை?

கடந்த கிழமை ஒட்டுசுட்டான் பக்கத்தில் மூன்று ஏக்கர் தென்னங்காணி ஒன்றில் புல் வெட்டிக் கொடுத்தோம். "இரண்டு நாளும் மூன்றாம் நாள் காலமையும்" என்று காணிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் 9 மணிக்கு முன்பாகவே மெசின்களை லான்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில் ஏற்றிவிட்டோம். புல் வெட்டும் தொழிலுக்கு வந்த பிறகு, ஏக்கர் கணக்கில் எடுத்த வேலையைச் சொன்ன நாளில் முடித்தது இதுதான் முதல் தடவை. மெசினின் ஒரு டாங்கி பெற்றோலுக்கு எவ்வளவு புல் வெட்டலாம் என்ற கணக்கால்தான் அது முடிந்தது. இந்தக் கணக்குக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. இதே வேலை செய்கிற, செய்ய நினைக்கிற பெடியள் வன்னியில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நாங்கள் நாலு பேர். தோளில் மாட்டும் 43 சிசி இரட்டை ஸ்ட்ரோக் மெசின் மூன்று. நானும் இரண்டு தம்பிமாரும் அவற்றைப் பிடிப்போம். வெட்டியதை வாரிக் குவிக்க ஓர் அக்கா வருவார்.

கதை தொடங்குவது போன வருடம் தை மாதம். மாரி மழை விட்டு, புல் ஆள் உயரத்துக்கு நிற்கிற காலம். முள்ளியவளைக்கு இந்தப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னை. காணிக்காரர் வெளிநாட்டில். போனில் கேட்டார், "வெறும் புல்லுத்தான் தம்பி, எவ்வளவு வரும்?" என்று. அதற்கு முந்திய மாதம் ஒரு பின்வளவில் அரை ஏக்கரை ஒரே மெசினால் மத்தியானத்துக்குள் முடித்திருந்தேன். அந்த நினைப்பில், ஒரு மெசினுக்கு நாளுக்கு ஓர் ஏக்கர், மூன்று மெசினுக்கு மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கருக்கு இரண்டு நாள் என்று மனக்கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு 14,000 வீதம் 70,000 ரூபாவுக்குப் பேசினேன்.

ஆறு நாள் சென்றது.

ஒரு நாள் செலவை அப்படியே எழுதுகிறேன். தம்பிமார் இருவருக்கும் 3,500 வீதம் 7,000. அக்காவுக்கு 2,500. பெற்றோல் 4,100, இரட்டை ஸ்ட்ரோக் ஒயில் 900, தங்கூசியும் (பிளேடுக்குப் பதில் மாட்டும் நைலோன் நூல்) பிளேட் தேய்மானமும் 600, லான்மாஸ்ரர் டீசல் 800, சாப்பாடு தேத்தண்ணி 600. எல்லாம் சேர்த்து 16,500. ஆறு நாளைக்கு 99,000. கையை விட்டுப் போனது 29,000. என்னுடைய சம்பளத்தை நான் எழுதவே இல்லை. ஆறு நாள் மெசின் பிடித்த ஒருவனுக்குக் கூலி இல்லையென்றால் அந்தக் கணக்கு பிழைதான்.

முதலில் நேரத்தில் குறை தேடினேன். பெடியள் அதிக நேரம் சும்மா இருக்கிறார்களோ என்று அடுத்த இரண்டு வேலையில் போனில் மணி பார்த்து எழுதினேன். ஏக்கருக்கு எத்தனை மணித்தியாலம் என்று ஒரு நிலையான எண் வரவே இல்லை. ஓரிடத்தில் ஐந்து வந்தது, இன்னோரிடத்தில் பதினான்கு. அதோடு, நான் மணி பார்ப்பது தெரிந்தவுடன் அவர்கள் முகமும் மாறியது. அந்த வழியை விட்டுவிட்டேன்.

பிறகு கடதாசியில் கணக்குப் போட்டேன். ஒரு வீச்சுக்கு 5 அடி அகலம் விழுகிறது. நிமிடத்துக்கு 40 அடி முன்னே போகலாம். ஆக நிமிடத்துக்கு 200 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றே முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட வேண்டும். கணுக்கால் உயரப் புல்லில் இது கொஞ்சம் கிட்ட வருகிறது. நெஞ்சளவு கினிப்புல்லில் அடிபட்டுப் போகிறது. அவ்வளவு உயரமான புல்லை ஒரே வீச்சில் அடியோடு வெட்டினால் அது மெசினுக்கு மேலேயே சாய்ந்து தண்டில் சுற்றிக்கொள்ளும். முதலில் மேல்பாதி, பிறகு அடிப்பாதி என்று இரண்டு தடவை வீச வேண்டும். வரிசை முடிந்து வெறுமனே திரும்பி நடப்பது, முன் வெட்டிய ஓரத்திலேயே ஓரடி மறுபடி விழுவது, சுற்றிய புல்லை நிறுத்தி அறுத்தெடுப்பது இவையெல்லாம் கடதாசியில் இருப்பதில்லை.

வழி காட்டியது அக்காதான். எங்களோடு சேர முன்னர் பல வருடம் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். ஒரு பின்னேரம் நான் கொப்பியோடு இருந்து தலையைச் சொறிவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நாங்கள் அங்க ஏக்கரில எழுதிறேல்ல. ஆளாளுக்கு இண்டைக்கு எத்தினை சதுர மீற்றர் எண்டுதான் எழுதுவம். இரும்புத்துண்டு கிடக்கிற மண்ணெண்டால் கொஞ்சம்தான் போகும். நல்ல மண்ணெண்டால் கூடப் போகும். மண்ணையும் சேர்த்து எழுதினால்தான் அடுத்த நாள் கணக்குச் சரிவரும்."

அடுத்த நாள் விடியவே வேலிக் கிளுவையில் முழ நீளத்துக்கு இருபது தடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொரு தடியின் தலையிலும் ஒரு துணி கட்டினால் புல்லுக்குள் தெரியும் என்று நான் பெட்டிக்குள் கிடந்த சிவப்புத் துணியை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கவில்லை. "சிவப்பு வேண்டாம் தம்பி. சிவப்பெண்டால் இன்னும் துப்புரவாக்காத பக்கம். முடிஞ்ச பக்கத்துக்கு வெள்ளை." உரப் பை ஒன்றைக் கத்தியால் கீலம் கீலமாகக் கிழித்து, ஒவ்வொரு தடியிலும் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இருபது தடிக்கும் முடிச்சு ஒரே உயரத்தில் இருந்தது.

அவர் சொன்ன முறை இதுதான். மெசினில் பெற்றோல் முடிந்து நிற்கிற இடத்தில் ஒரு தடி. பெற்றோல் விட்டுத் திரும்ப வெட்டி, அடுத்த தடவை நிற்கிற இடத்தில் அடுத்த தடி. யாரும் மணி பார்க்க வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். பின்னேரம் தடிகளுக்கு இடையில் உள்ளதை அளந்தால் போதும். எங்கள் மெசின் டாங்கி 0.9 லீற்றர் பிடிக்கும். முழு வேகத்தில் ஏறக்குறைய 50 நிமிடம் ஓடும்.

அளப்பதற்கு நாடா கூடத் தேவைப்படவில்லை. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு வந்த சந்தோசத்தை இப்போதும் மறக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தென்னை 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் வைப்பது. நாலு தென்னைக்கு நடுவில் ஒரு சதுரம், 676 சதுர அடி. ஏக்கருக்கு 64 மரம். வன்னியில் நாங்கள் காணியை ஏக்கரில்தான் சொல்வோம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்புக்கு நாலு தென்னை. மரத்தை எண்ணினால் பரப்பு வந்துவிடும். இரு தடிக்கு இடையில் பத்து மரமென்றால் அந்த டாங்கி இரண்டரைப் பரப்பு வெட்டியிருக்கிறது.

தை மாத வேலையின் பெற்றோல் பில் துண்டுகள் கொப்பிக்குள்ளேயே கிடந்தன. கூட்டிப் பார்த்தேன், 76 லீற்றர். அதாவது 84 டாங்கி. ஐந்து ஏக்கர் 80 பரப்பு. நெஞ்சளவு புல்லில் ஒரு டாங்கிக்கு ஒரு பரப்புக்கும் சற்றுக் குறைவாகத்தான் போயிருக்கிறது. ஆறு நாள் ஏன் பிடித்தது என்பதற்கான பதில் ஒரு வருடமாக அந்தத் துண்டுகளுக்குள் இருந்திருக்கிறது.

அந்த மாரி முழுக்கத் தடி நட்டுத்தான் வெட்டினோம். புல்லின் உயரத்தை உடம்பால் அளந்தோம். கணுக்கால் உயரமென்றால் டாங்கிக்கு மூன்று பரப்பு. முழங்கால் உயரமென்றால் இரண்டரை. இடுப்பளவென்றால் ஒன்றரை. நெஞ்சளவு கினிப்புல் ஒரு பரப்பு. இலுக்குப் புல் முற்றி நின்றால் இடுப்பளவாக இருந்தாலும் நெஞ்சளவு என்றே எழுத வேண்டும், அவ்வளவு விறைப்பு. முள்வேலி ஓரம் பரப்பில் அடங்காது. 200 அடி நீளத்துக்கு ஒரு டாங்கி. இளம் தென்னம்பிள்ளை நட்ட காணியில் அரைவாசிதான் போகும். ஒவ்வொரு பிள்ளையையும் சுற்றிப் பிளேடை நிறுத்தித் தங்கூசிக்கு மாற வேண்டும், அல்லது அந்த வட்டத்தைக் கத்தியால் கையில் வெட்ட வேண்டும். பிளேட் ஒரு தடவை பிள்ளையில் பட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும்.

பார்த்தீனியம் பூத்து நின்றால் மெசின் வைப்பதே இல்லை. விதையை நாங்களே காணி முழுக்க வீசிவிட்டது போலாகும். கையுறையோடு பிடுங்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

ஒரு மெசினுக்கு நாளுக்கு எத்தனை டாங்கி என்பதுதான் அடுத்த கேள்வி. 8 மணித்தியால வேலை, 50 நிமிடத்துக்கு ஒன்று, ஆக ஒன்பது என்று முன்பு நினைத்திருந்தேன். தடிகள் சொன்னது ஐந்து. விடிய 6.50க்கு முதல் இழுவை. 7.40க்கு நிற்கும். சூடான மெசினுக்குப் பெற்றோல் விடக்கூடாது. ஆறவிட்டு, பிளேடை அரத்தால் தீட்டி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துத் திரும்பவும் தொடங்க 8 மணி. அது முடியச் சாப்பாடு. பிறகு 11.20க்குள் இன்னும் இரண்டு. அதோடு எங்கள் வெயிலில் மெசின் பிடிக்க முடியாது. 2.45க்குத்தான் திரும்ப இறங்குவோம். பின்னேரம் இரண்டு. ஆக ஆறு வர வேண்டும். ஒரு பிளக் கறுத்துப் போகும், ஒரு தங்கூசி உள்ளே சிக்கும், ஒரு புடையன் பாம்பு படுத்திருக்கும், அது போகும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். அந்த ஆறாவது டாங்கி இப்படித்தான் போகிறது. அது கிடைத்த நாட்கள் கொப்பியில் எண்ணிப் பார்த்தால் பத்துக்கு இரண்டு. மூன்று மெசினுக்கு நாளுக்கு 15 என்றே இப்போது பேசுகிறேன்.

இதைக் கூட்ட நான் செய்த முயற்சிகளில் சில பிழைத்தன. பெற்றோல் மிச்சம் பிடிக்கலாமென்று அரை வேகத்தில் வெட்டச் சொன்னேன். தடித்த புல்லில் அரை வேகத்தில் வெட்டினால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். இரண்டாம் நாள் ஒரு மெசினில் எரிந்த மணம் வந்தது. பிளேட் சுற்றவில்லை. கிளட்ச் செருப்பும் டிரம்மும் 2,800 ரூபா, அரை நாள் வேலையும் போனது. மிச்சம் பிடித்த பெற்றோல் ஒன்றரை லீற்றருக்கு மேல் இராது. பிளேட் மாற்றும் நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் தங்கூசியால் வெட்டிப் பார்த்ததும் அப்படித்தான். முழங்காலுக்குக் கீழே நல்ல வேகம். இடுப்பளவில் டாங்கிக்கு மூன்று தென்னை கூடத் தாண்டவில்லை, தடியே சொல்லிவிட்டது. இப்போது உயரமான புல்லுக்கு மூன்று பல் பிளேட், தண்டு தடித்த இடத்துக்கு நாற்பது பல், மரத்தடிக்கும் சுவரோரத்துக்கும் தங்கூசி.

மெசின் வைக்க முன் காணியைச் சுற்றி நடப்பதும் கணக்கில் சேர்ந்ததுதான். எங்கள் மண்ணில் இன்னும் பழைய முள்ளுக்கம்பி புதைந்து கிடக்கிறது. மண்மூட்டைப் பைகளின் நார் புல் வேரோடு பின்னிக் கிடக்கிறது. அந்த நார் ஒரு தடவை தண்டில் சுற்றினால் அறுத்தெடுக்கக் கால் மணித்தியாலம். அதைவிடப் பெரியது ஒன்று. மிதிவெடி அகற்றிய காணிதானா என்று கேட்டுத் தெரியாமல் நாங்கள் உள்ளே கால் வைப்பதில்லை. எச்சரிக்கைப் பலகை எங்கேயாவது பக்கத்தில் நின்றால் எத்தனை ரூபா என்றாலும் வேலை இல்லை. அந்த முடிவை அக்காதான் எடுப்பார். நான் ஒரு நாளும் மாற்றிப் பேசியதில்லை.

விளையாட்டு மைதானத்துக்கு மட்டும் தள்ளிக்கொண்டு போகும் 21 அங்குல மெசின் ஒன்று பழையதாக வாங்கினேன். அதற்குக் கடதாசிக் கணக்கே போதும். 100 மீற்றருக்கு 60 மீற்றர் மைதானம், ஓரம் விட்டுப் பார்த்தால் ஒரு வரிசைக்கு 45 சென்ரிமீற்றர், 133 வரிசை, 13 கிலோமீற்றருக்கு மேல் நடை. மணிக்கு 3 கிலோமீற்றர் நடந்தால் நாலரை மணித்தியாலம். திரும்புவதையும் புல் கொட்டுவதையும் சேர்த்தால் ஒருவருக்கு ஒரு நாள். புல் நாலு அங்குலத்தைத் தாண்டியிருந்தால் அது மூச்சடைத்து நின்றுவிடும், முதலில் தோள் மெசின்தான்.

தடிகள் வந்த பிறகும் ஒரு தடவை பிழைத்தது. விலை சொல்ல முன் அந்தக் காணியிலேயே ஒரு டாங்கி வெட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். முதல் தடவை எங்களில் வேகமான தம்பியைப் பிடிக்க விட்டேன், பாதையோரத்து இலகுவான பக்கத்தில், காலை 10 மணிக்கு. அழகாக இரண்டரைப் பரப்பு வந்தது. வேலை தொடங்கிய அன்று விடியப் பனியில் புல் நனைந்து கவசத் தகட்டில் அப்பிக்கொண்டது. உள்ளே போகப் போகப் புல்லும் உயர்ந்தது. இரண்டு நாள் என்ற வேலை மூன்று நாளானது. இப்போது ஒத்திகை டாங்கியை நான் பிடிக்கிறேன், நான் மூவரில் நடுத்தரம். காணியின் பின்மூலையில், புல் மோசமாக நிற்கிற இடத்தில்.

அக்காவின் வேலையையும் நான் முதலில் கணக்கில் வைக்கவில்லை. நெஞ்சளவு புல்லில் ஒரு மெசின் வெட்டுவதை வாரவே ஓராளுக்குச் சரி. மூன்று மெசின் வெட்டினால் பின்னேரம் மெசினை வைத்துவிட்டு நாங்களும் வாரி பிடிக்க வேண்டியிருந்தது. தை மாதம் இப்படி எத்தனை டாங்கி போனதென்று தெரியாது. இப்போது விலை பேசும்போதே கேட்கிறேன், வாரிக் குவிக்க வேண்டுமா, தென்னையடிக்கு மூடாக்காக விட்டாலும் சரியா என்று. மூடாக்கு நல்லது, ஈரம் காக்கும் என்று சொன்னால் பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள்.

கடந்த கிழமை வேலைக்கு வருகிறேன். மூன்று ஏக்கர், 48 பரப்பு. நானும் அக்காவும் மரத்தை எண்ணிக்கொண்டு நடந்தோம். காய்க்கிற மரங்களின் நிழலில் 20 பரப்பு முழங்கால் உயரம், 8 டாங்கி. நடுவில் 18 பரப்பு இடுப்பளவு, 12 டாங்கி. வாய்க்கால் பக்கம் 10 பரப்பு நெஞ்சளவு, 10 டாங்கி. முள்வேலி 600 அடி, 3 டாங்கி. மொத்தம் 33. ஒத்திகை டாங்கி ஒரு பரப்பும் ஒரு தென்னையும் காட்டியது, சரி என்று எழுதினேன். நாளுக்கு 15 என்றால் இரண்டு நாளும் ஒரு காலையும்.

விலையும் டாங்கியில்தான். இப்போது என் சம்பளம் 3,500ஐயும் சேர்த்திருக்கிறேன். தடிக்கணக்கு முழுக்க அக்கா கையில் என்பதால் அவருக்கும் 3,500. நாள் செலவு 21,000, ஒரு டாங்கிக்கு 1,400. 1,700 வீதம் 56,100 கேட்டேன். காணிக்காரர் வேறொருவர் ஏக்கர் 15,000க்குச் செய்வதாகச் சொன்னார். அவரை அழைத்துக்கொண்டு போய் ஒத்திகைத் தடியைக் காட்டி, இதுவரை வெட்ட ஒரு டாங்கி, மிச்சத்தை நீங்களே எண்ணிப் பாருங்கோ ஐயா என்றேன். மரங்களை எண்ணிக்கொண்டே வேலிவரை போய் வந்து, "சரி தம்பி, நாளைக்கே தொடங்குங்கோ" என்றார்.

33க்கு 35 வந்தது. கூடிய இரண்டும் முள்வேலியில். வேலிக்குள் பழைய கம்பி இன்னொன்று படுத்திருந்தது, நடந்தபோது நாங்கள் இருவருமே காணவில்லை. 49,000 செலவு, 7,100 மிச்சம்.

அடுத்த மாரிக்கு முன் மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. வேலி ஓரத்தை 150 அடிக்கு ஒரு டாங்கி என்று எழுதப் போகிறேன். கையில் நாலாவது மெசின் ஒன்று வைத்திருந்தால் ஆறவிடுகிற இருபது நிமிடமும் மிச்சம், ஆனால் இரண்டு டாங்கி தொடர்ந்து பிடித்தால் விரல் விறைத்துவிடுகிறது, ஆளுக்கும் ஆறுதல் வேண்டும். ஆகவே மெசினை விட, வாரியோடு இன்னோர் ஆளைச் சேர்ப்பதுதான் முதலில்.

வருகிற திங்கள் ஒரு வாய்க்கால் கட்டு. தென்னை ஒன்றும் இல்லை, எண்ண முடியாது. நேற்றுப் பின்னேரம் அக்கா நைலோன் கயிற்றை முற்றத்தில் நீட்டி 52 அடியில் வெட்டினார். 52க்கு 52 சதுரம் ஏறக்குறைய ஒரு பரப்பு. 26இல் ஒரு வெள்ளைக் கீலம், இரு முனையிலும் ஒவ்வொன்று. கட்டு சரிவாக இருப்பதால் தடி நிற்காமல் சாயும் என்று, பழைய தடிகளை எடுத்து அடிமுனைகளைக் கத்தியால் கூராகச் சீவிக்கொண்டிருந்தார்.